பலகைக்கு அந்தப் பக்கம்

அலுவிகாரைக்கு அருகில் உள்ள அந்தப் பாடசாலையில் பத்தாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே கூடம்தான். நடுவில் சுவர் இல்லை. ஒரு கரும்பலகை நிற்கும். அதற்கு இந்தப் பக்கம் ஜஸ்லா டீச்சர், அந்தப் பக்கம் இவ்வாண்டு இடமாற்றத்தில் வந்த வித்தியா டீச்சர். இருவரும் கணிதம். அடுத்த ஆண்டு இரு பிரிவும் ஒன்றாகிப் பதினோராம் வகுப்பாகும். அதை ஒருவருக்குத்தான் தருவார்கள். பல ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்கு மேல் கொடுக்கப்படாத ஜஸ்லா அதற்காகக் காத்திருந்தார்.

அன்று இரு பக்கமும் ஒரே பாடம். ஒரு மிளகுத் தோட்டத்தை அக்கா ஆறு நாளில் பறிப்பாள், தங்கை மூன்று நாளில். சேர்ந்து பறித்தால்?

ஜஸ்லா எப்போதும்போல் ஆறில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று பின்னங்களை எழுதினார். மறுபக்கத்தில் வித்தியா சொல்லிக்கொண்டே ஆறு வரிசை மிளகுக்கொடி வரைந்தார்.

"அக்கா ஒரு நாளைக்கு ஒரு வரிசை. தங்கச்சி ரெண்டு. ரெண்டு பேருமாச் சேர்ந்தால்?"

"மூணு!"

"அப்ப தோட்டம் முடிய?"

"ரெண்டு நாள், டீச்சர்!"

ஜஸ்லாவின் வகுப்பில் நுஸ்லா என்ற மாணவி கையை உயர்த்தினாள். "டீச்சர், அங்க பறிச்சுக் காயவும் போட்டுட்டாங்க. நாங்க இன்னும் பொதுப்பகுதி தேடுறோம்."

வகுப்பே சிரித்தது. எளிய வழி, சரியான வழி. ஏன் தனக்குத் தோன்றவில்லை? அந்தக் கேள்விதான் ஜஸ்லாவைச் சுட்டது.

"படம் வரஞ்சா சோதனையில மார்க்ஸ் இல்ல!" என்று மறுபக்கமும் கேட்கும்படி கத்தினார். அது பொய் என்று அவருக்கே தெரியும். வித்தியாவும் குரலை உயர்த்தினார். பிறகு இரு பக்கமும் எதுவும் விளங்கவில்லை. இரண்டு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்று கணக்குக் காட்டும் அதிகாரிகள், ஒரு சுவருக்குப் பணம் ஒதுக்காததன் விளைவை அந்தக் கூடத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

கேட்டது பாடசாலை அதிபர் அப்துல் ஸமத் மட்டுமே. இடைவேளையில் இருவரையும் அழைத்தார்.

"பதினோராம் வகுப்புக்கு அந்தியிலயும் பாடம் வைக்கணும். நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு ஓடுவீங்க. ஷிஃபானுக்குக் குடுத்துட்டேன்."

ஷிஃபான் சென்ற ஆண்டுதான் விஞ்ஞானம் கற்பிக்க வந்தவர். அந்தியில் நிற்க முடியுமா என்று பெண்கள் இருவரிடமும் யாரும் கேட்கவில்லை. ஆண் என்பதே தகுதியாகிவிட்டது.

வெளியே வந்ததும் ஜஸ்லாவின் நெஞ்சில் முதலில் எழுந்தது கோபமல்ல. அப்பாடா, இவளுக்கும் இல்லை.

"டீச்சர், இது பெரிய அநியாயம்," என்றார் வித்தியா. "ரெண்டு பேருமாப் போய்க் கதைப்பம், வாங்கோ. தனியப் போனால் என்னைக் கணக்கெடுக்க மாட்டார்."

"நீங்க போங்க. எனக்குப் பாடம் இருக்கு."

சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியில் இடைவேளைக்கு அடுத்த பாடவேளையில் ஜஸ்லாவின் கட்டம் வெறுமையாக இருந்தது. வித்தியா அதைப் பார்த்தார். பிறகு தனியாகவே அதிபரின் கதவைத் தட்டினார்.