புதுப்பட்டினத்தில் வாயைக் கட்டிய மேனேஜர்

காலை ஏழரைக்குச் செங்கல்பட்டு ரயில் நிலைய வாசலில் ஸ்டெல்லா ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். செய்யூர்ப் பெண். எங்கள் தேயிலைத்தூள் கம்பெனியில் அவருடைய பயிற்சிக் காலம் இந்த வாரத்தோடு முடிகிறது. பெரிய கடை ஒன்றையாவது பிடித்தால்தான் வேலை நிரந்தரம். அவருடைய மேனேஜரான நான் திருச்சியிலிருந்து வந்திறங்கி, தொப்பையை அடக்கிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன்.

திருக்கழுக்குன்றம் பதினான்கு கிலோமீட்டர். மலையைப் பார்த்தபடி இட்லி, வடை. இருவருக்கும் நூற்றிருபது ரூபாய். அந்தச் சட்னிக்காகவே இன்னொரு தடவை போகலாம். கை கழுவும்போது ஸ்டெல்லா மெல்லக் கேட்டார்.

"சார், புதுப்பட்டினத்துல பாய் மளிகைக் கடையில நீங்களா பேசப் போறீங்க?"

"ஏம்மா?"

"மேனேஜர் வந்தா தள்ளுபடி கேக்கலாம்னு கடைக்காரங்க காத்துகினு கீறாங்க. நீங்க குடுத்துட்டுப் போயிடுவீங்க. அடுத்த வாரம் நான் போனா, 'உங்க சாரை இட்டுகினு வா'ம்பாங்க."

நியாயம்தான். பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை.

ஒன்பதரைக்குப் புதுப்பட்டினம். மீன்கூடைகளுக்கு நடுவே வழி விட்டு வழி விட்டுக் கடைத்தெருவுக்குள் போனோம். ஜமால் பாயின் மளிகைக் கடைதான் அங்கே பெரிது. பாய் டீயும் மிளகாய் பஜ்ஜியும் வரவழைத்து, ஸ்டெல்லாவைத் தாண்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பெரிய சாரே வந்துகீறாரு! பத்துப் பொட்டிக்கு ஒண்ணு சும்மா குடுப்பீங்களா?"

கொடுக்க எனக்கு அதிகாரம் உண்டு. 'சரி' என்ற சொல் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஒரு பஜ்ஜியை முழுசாக வாயில் திணித்துக்கொண்டு ஸ்டெல்லா பக்கம் கையைக் காட்டினேன். காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது.

பாய் வேறு வழியில்லாமல் திரும்பினார். "நீ இன்னாம்மா குடுப்பே?"

"தள்ளுபடி இல்ல பாய். புதுத் தூளுன்னா ஏன் யோசிக்கிறீங்க, அத சொல்லுங்க."

"கடல் காத்துல நமுத்துப் போவுதும்மா. எல்லா கம்பெனிக்காரனும் மாசத்துக்கு ஒருவாட்டி மொத்தமா எறக்கிட்டுப் போயிடறான்."

"நான் வாராவாரம் கொஞ்சமா எறக்கறேன். செவ்வாக்கெழமை இந்தப் பக்கம்தான் வரேன்."

பாய் ஒருவருக்குத் துவரம்பருப்பு நிறுத்தார். மோவாயைச் சொறிந்தார். ஸ்டெல்லா ஆர்டர் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்து வைத்தார். எனக்குத்தான் உயிர் போய் வந்தது.

"சரி, வாராவாரம் ரெண்டு பொட்டி போடும்மா."

கடை என்றுகூடப் பார்க்காமல் கைதட்டிவிட்டேன்.

அங்கிருந்து மாமல்லபுரம் பதினைந்து கிலோமீட்டர், வழியெல்லாம் உப்புக்காற்று. மற்ற கடைகளுக்கு ஸ்டெல்லா தனியாகப் போனார். நான் மணலில் உட்கார்ந்து, அறுபது ரூபாய் இளநீரைக் குடித்துக்கொண்டே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, "ஸ்டெல்லா நிரந்தரம்" என்றேன். அன்றைக்கு நான் செய்த ஒரே வேலை அதுதான்.

மாலை பஸ் நிறுத்தத்தில் செய்தியைச் சொன்னதும் குதித்தார். பிறகு தயங்கினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நாளைக்குத் திருவிடந்தைப் பக்கம் நீங்க வர வேணாம். நானே பாத்துக்கறேன்."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இத்தனை வருட வேலையில் எத்தனையோ பேர் என்னை வராதே என்றிருக்கிறார்கள். அதைக் கேட்டுச் சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது இதுதான் முதல் தடவை.