கடலில் கரைத்த பெருங்காயம்

நான் பால் வெட்டிய ரப்பர் தோட்டம் மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம். காற்று திரும்பினால் ரப்பர் பால் வாடையோடு கடல் சேறும் சேர்ந்து மணக்கும். எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பத்திரிகையின் மூலையில் ஒரு சின்னச் செய்தி. ஜப்பான்காரர்கள் கடல் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்து யுரேனியம் எடுத்துப் பார்க்கிறார்களாம், அணு உலையில் போட்டு மின்சாரம் எடுக்க; செலவுதான் தாங்கவில்லையாம். ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். மூன்று முறை படித்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மின்சாரம் தோட்டத்து எஞ்சினிலிருந்து வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். மின்சாரத்தைப் பற்றிப் பேச எங்களைவிட யாருக்கு உரிமை?

கோயில் திருவிழாவில் பேச்சு மேடை போடுவார்கள். பேர் எழுதுவதும் கிராணிதான். போய் நின்றேன்.

“என்னாம்மா தலைப்பு?”

“கடல்லருந்து யுரேனியம் எடுக்குறதுங்கய்யா.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “கடல்ல கரைச்ச பெருங்காயத்த எடுக்கப் போறியா? தாய்ப்பாசம் பேசும்மா, அழகா இருக்கும்.”

“தாய்ப்பாசத்த எல்லாரும் பேசிட்டாங்க. பெருங்காயத்த இன்னும் யாரும் பேசலீங்க.”

சிரிப்பு நின்றது. “அஞ்சு நிமிஷம். ஒளறி வச்சேன்னா, இனிமே பொம்பளைங்க பேரு இந்த லிஸ்டுல ஏறாது. சொல்லிட்டேன்.”

விஷயம் லயம் முழுக்கப் பரவியது. எனக்கு அடுத்த மர நிரையில் பால் வெட்டும் அக்கா மரத்தடியிலேயே பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, தாய்ப்பாசமே பேசிட்டு வாயேன்லா. எனக்கும் ஒரு நாளு அந்த மைக்கப் புடிக்கணும்னு ஆசை இருக்கு. நீ விழுந்தா நாங்களும்ல விழுவோம்?”

“விழமாட்டேங்க்கா.”

“வீரம் வாயில இருக்கு. வாளியில என்னா இருக்கு, அதப் பாரு.”

அக்கா சும்மா சொன்னதுதான். எனக்கு யோசனை அங்கேதான் கிடைத்தது. மரத்தில் கட்டும் பீங்கான் மங்கு ஒன்று நிறையப் பாலை ஒரு வாளித் தண்ணீரில் கரைப்பேன். அதில் ஒரு கைப்பிடி தேங்காய் நாரைத் தொங்கவிட்டு ஆசிட் ஊற்றினால், பால் திரண்டு நாரில் ஒட்டும். கரைந்தது தொலைந்ததில்லை என்று எல்லாரும் கண்ணால் பார்ப்பார்கள்.

காலையில் எடுத்த பால் சாயங்காலம்வரை உறையாமலிருக்க அம்மோனியா விடவேண்டும். பயத்தில் கொஞ்சம் கூடவே விட்டுவிட்டேன். அம்மோனியா மிஞ்சினால் ஆசிட்டுக்கு வேலையிருக்காது என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மேடையில் நன்றாகத்தான் தொடங்கினேன். ஆயிரம் லிட்டர் கடல் தண்ணீரில் யுரேனியம் மூன்று மில்லிகிராம்தான், கண்ணுக்கே தெரியாது என்றேன். அது ஒட்டிக்கொள்கிற பொருளைக் கடலுக்குள் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்றேன். நாரைத் தொங்கவிட்டிருந்த வாளியில் ஆசிட்டை ஊற்றினேன். வாளி வெள்ளையாகவே நின்றது. நார் நாராகவே தொங்கியது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “பால்ல தண்ணி ஊத்துற புத்தி மேடைக்கும் வந்துருச்சுடோய்!”

கூட்டம் குலுங்கியது. பால் எடை போடும் இடத்தில் எங்களைத் திருடிகளாக்கும் பேச்சு அது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கிராணி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

நான் மைக்கை இழுத்துப் பிடித்தேன். “சிரிங்க! ஆத்து முகத்துல மூங்கில நட்டு மீன் புடிக்கிறவன் கடல எறைச்சா ஊத்துறான்? தண்ணி தானா வருது, தானா போகுது. மீனு அவன்கிட்ட நிக்குது. ஜப்பான்காரன் பம்பு வச்சு எறைச்சு, செலவு தாங்கலன்னு முழிக்கிறான். அவனும் நீரோட்டத்த நம்பட்டும். இந்த வாளியையும் நாளைக்கு வந்து பாருங்க!”

மைக்கை அணைத்துவிட்டார்கள். வாளியை மேடைக்குப் பின்னால் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்கா எனக்காக நிற்காமல் முன்னாலேயே போய்விட்டாள்.

விடியற்காலை பேர் கூப்பிடும் பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நின்றபோது நான் வாளியோடு வந்தேன். சாக்கை நான் அதற்குமுன் விலக்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொண்டுவரும் தைரியம் இருந்திருக்குமோ என்னவோ. கிராணியின் மேசைமுன் வைத்து நாரைத் தூக்கினேன். பால் முழுதாகத் திரளவில்லை. நாருக்கு நார், அரிசிப் பொரிபோல வெள்ளை வெள்ளையாய் ஒட்டியிருந்தது. ராத்திரியில் அம்மோனியா ஆவியாகப் போகப் போக ஆசிட் வேலை செய்திருக்க வேண்டும்; பாதிப் பால் இன்னும் தண்ணீரில்தான்.

கிராணி குனிந்து பார்த்தார். “ராவெல்லாம் ஊறியிருக்கு. மேடையில வரலயே?”

“கடலுக்கு அவசரம் இல்லீங்கய்யா. அஞ்சு நிமிஷம்னது நீங்கதான்.”

“இது யுரேனியமாம்மா?”

“இல்லீங்க. பெருங்காயம்.”

எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கிராணி சிரிக்கவில்லை. “நான் சொன்னது சொன்னதுதான். லிஸ்டுல—”

வரிசையிலிருந்து அக்கா வெளியே வந்தாள். நாரை என் கையிலிருந்து வாங்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் பெரட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அடுத்த வருசத்துக்கு என் பேர எழுதிக்குங்கய்யா. எனக்குப் பத்து நிமிஷம்.”

“தலைப்பு?”

“அத நான் யோசிச்சுச் சொல்றேன். பேர மொதல்ல எழுதுங்க.”

வரிசை முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது. பால் வெட்டப் போக வேண்டிய நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண்ணும் நகரவில்லை. அவர் பேனாவைத் திறந்தார்.