பிஹி சித்தப்பா வாய் திறக்காத விருந்து

எங்கள் தஸ்கா ஊரில் பிஹி சித்தப்பாவைத் தேட வேண்டியதே இல்லை. காது கொடுத்தால் போதும். செம்பாறைக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் அவர் குரல் வரும், பின்னால் கோவேறு கழுதை வரும், அதற்கும் பின்னால்தான் அவர் வருவார். கழுதையிடம்தான் பேசிக்கொண்டு வருவார். அது தலையாட்டுவதைப் பார்த்தால் பாதி விஷயத்தில் அவரோடு ஒத்துப்போகிற மாதிரிதான் இருக்கும்.

எங்கள் பக்கத்து ஆண்கள் முக்கால்வாசிப் பேர் காசாபிளாங்காவில் மளிகைக் கடைக்காரர்கள். என் அப்பா அபெல்லாவும் அப்படித்தான். தம்பி ஊரில் சும்மா இருக்கிறானே என்று பிஹி சித்தப்பாவையும் கூட்டிப்போய்க் கடையில் உட்கார வைத்தார். தீப்பெட்டி வாங்க வந்த ஆளை சித்தப்பா உட்கார வைத்து, தேநீர் போட்டுக் கொடுத்து, அவருடைய மாமனார் வீட்டுச் சண்டை வரைக்கும் கேட்டு, கட்டிப்பிடித்து வழியனுப்பினார். தீப்பெட்டியைக் கொடுக்க மறந்துவிட்டார். கடையில் எந்நேரமும் கூட்டம்; வியாபாரம்தான் இல்லை.

"டேய், நீ கடை நடத்தல. கல்யாண வீடு நடத்துற" என்று அப்பா அவரைப் பேருந்தில் ஏற்றி ஊருக்கே அனுப்பிவிட்டார். இறங்கும்போது பேருந்து ஓட்டுநர் அழுதாராம். சித்தப்பா சொன்னதுதான், வேறு சாட்சி கிடையாது.

ஆனால் அவர் தேநீர் ஊற்றுவதைப் பார்க்க வேண்டுமே! சர்க்கரைக் கூம்பைச் சின்னச் சுத்தியலால் தட்டி, புதினாவைக் கசக்கி, கூஜாவைத் தலைக்கு மேல் தூக்கி ஊற்றுவார். கண்ணாடி டம்ளரில் நுரை தொப்பி மாதிரி நிற்கும். ஒரு சொட்டு வெளியே விழாது. அவ்வளவு நேரமும் வாய் ஓயாது. வாய் ஓடினால்தான் கை நிற்கும் போல.

அப்பா காசாபிளாங்காவில் இருந்ததால் தஸ்கா வீட்டை நடத்தியது என் அம்மா கெல்தூமா. அதே கூரையின் கீழ்தான் சித்தப்பாவும் அவர் மனைவி இஜ்ஜா சித்தியும். வீட்டின் உள்பக்கம் சாமான் அறை. வாற்கோதுமை, தேன், எங்கள் மலையில் விளையும் ஆர்கன் கொட்டையின் எண்ணெய், சர்க்கரைக் கூம்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக அம்லு ஜாடி. வறுத்த பாதாமை ஆர்கன் எண்ணெயும் தேனும் விட்டு அரைத்த அந்த விழுது இருக்கும் இடத்தைச் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிப்பார். அதனால்தான் பூட்டு. சாவி அம்மாவின் இடுப்பில். அம்மா நடந்தால் ணங் ணங் என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குப் பூனையே வழிவிடும்.

சாவி அம்மாவுக்கே எழுதிவைத்த சொத்து இல்லை. ஜனவரி நடுவில் எங்கள் மலை மக்களின் புத்தாண்டு வரும். அன்றைக்குச் சாயங்காலம் ஒவ்வொரு வீட்டிலும் தகுல்லா என்கிற கஞ்சியைக் கெட்டியாகக் கிண்டி, பெரிய தட்டில் கொட்டி, நடுவில் குழி பறித்து எண்ணெயும் தேனும் விடுவோம். உள்ளே எங்கேயோ ஒரு பேரீச்சங்கொட்டை ஒளிந்திருக்கும். சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். கொட்டை யாருக்குக் கிடைக்கிறதோ அந்த வருஷத்து அதிர்ஷ்டம் அவருக்கு. சாமான் அறைச் சாவியும் அவருக்கு.

எங்கள் வீட்டில் கஞ்சி கிண்டுவது அம்மா. கொட்டையைப் போடுவது அம்மா. எனக்கு விவரம் தெரிந்த நாளாகக் கொட்டை கிடைப்பதும் அம்மாவுக்குத்தான்.

"அண்ணி, அந்தக் கொட்டைக்குக் கண்ணு இருக்கு. நேரா உங்க பக்கமா நடந்து வருது" என்பார் சித்தப்பா.

"நல்ல மனசு இருக்கிற இடத்துக்கு அதிர்ஷ்டம் தானா வரும், பிஹி. விரலை ஜாடிக்குள்ள விடுற இடத்துக்கு வராது."

இதெல்லாம் வருஷா வருஷம் சிரித்துக்கொண்டே போய்விடும். போன வசந்தத்தில்தான் விஷயம் கசந்தது.

பாதாம் பூக்கும்போது இஜ்ஜா சித்தியின் அம்மா மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்தார். பாதி தூரம் நடை. அன்றைக்குப் பார்த்து என் அம்மா பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தாள், சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டே. விருந்தாளிக்கு முன்னால் அம்லு இல்லை, தேன் இல்லை, தேநீரில் போடச் சர்க்கரைகூட இல்லை. அந்த அம்மா வெறும் ரொட்டியைத் தின்று, கசந்த தேநீரைக் குடித்து, "ரொம்ப நல்லாருக்குடி" என்று சொன்னார். அதுதான் சித்தியால் தாங்க முடியவில்லை. குறை சொல்லியிருந்தால் பரவாயில்லையாம்.

"எங்கம்மா ஊருக்குப் போய், மக நல்லா வாழறான்னு என்னத்தச் சொல்லுவா?" என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஆர்கன் கொட்டையைக் கல்லில் வைத்து உடைத்துக்கொண்டே அழுதாள். வீட்டு எண்ணெய் முழுக்க அவள் உடைத்த கொட்டையில் வந்ததுதான். ஆனால் எண்ணெய் ஜாடியைத் தொட அனுமதி கேட்க வேண்டும்.

சித்தப்பா அன்று சபதம் போட்டார். "வர்ற புத்தாண்டுக்குச் சாவி உன் இடுப்புல. இல்லன்னா நான் பிஹி இல்ல."

"நீங்க சும்மா இருந்தாலே போதும்" என்றாள் சித்தி.

அவர் எப்போது சும்மா இருந்தார்?

இந்த வருஷப் புத்தாண்டுக்கு அப்பா காசாபிளாங்காவிலிருந்து வந்திருந்தார். அகாதிர் நகரத்தில் படிக்கும் நானும் வந்திருந்தேன். கஞ்சியைத் தட்டில் கொட்டும் நேரம் அப்பா அடுப்படிக்குள் வந்து, "கெல்தூமா, ஆடு கட்டவிழ்த்துக்கிட்டு ஓடுது பாரு" என்றார். அம்மா ஓடினாள். ஆடு கட்டிய இடத்தில் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்ததாம். அவள் திரும்பி வருவதற்குள் தட்டு கூடத்துக்கு வந்துவிட்டது. "கொட்டை உள்ள போயாச்சு. உக்காருங்க" என்றார் அப்பா. அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. ஏதோ எடுக்க மறந்தவள் போலத் திரும்பிப் போய்விட்டு வந்து உட்கார்ந்தாள்.

சாப்பிட ஆரம்பித்தோம். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. உப்பா? எண்ணெயா? இல்லை. சத்தம்! பிஹி சித்தப்பா பேசவில்லை.

அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "என்னடா பிஹி, கழுதைக்கு லாடம் அடிச்சாச்சா?"

"ம்."

"பாதாம் மொட்டு விட்டிருக்கா?"

"ம்ம்."

"மேலத் தோப்புலயா, கீழத் தோப்புலயா?"

சித்தப்பா ஒரு கையால் மேலே காட்டினார், இன்னொரு கையால் கீழே காட்டினார்.

"உடம்புக்கு முடியலையா? பல்லு வலியா?"

சித்தப்பா நன்றியோடு தலையாட்டினார். அதுதான் தப்பாகப் போனது.

"ஐயோ பாவம்! கிராம்பு எண்ணெய் இருக்கு, வச்சு விடுறேன். வாயத் திற பிஹி" என்று என் அம்மா எழுந்தே விட்டாள். சித்தப்பா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் பிதுங்கியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்தில் திரும்பினேன். அங்கே இஜ்ஜா சித்தி கஞ்சியை வாயில் வைத்தவள், கடுக்கென்று எதையோ கடித்து முகம் சுளித்தாள். சட்டென்று வாயைத் துடைக்கிற மாதிரி எதையோ எடுத்துப் மேலே சுற்றியிருந்த போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

அதற்குள் சித்தப்பா துள்ளி எழுந்தார். வாயிலிருந்து ஒரு பேரீச்சங்கொட்டையை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அடைத்துவைத்த பேச்சு எல்லாம் மொத்தமாகக் கொட்டியது.

"கிடைச்சிருச்சு! என் பக்கத்துல இருந்துச்சு, இதோ இங்க, இந்த ஓரத்துல! அண்ணே, நீயே சாட்சி! நான் அப்பவே நினைச்சேன், கழுதைகூட இன்னிக்கிக் காலையில வலது காலத்தான் முதல்ல வச்சுது! அண்ணி, சாவியை அவிழுங்க! இஜ்ஜா, இடுப்பைக் காட்டு!"

என் அம்மா பதறவே இல்லை. சிரித்தாள். "கொட்டை உன்கிட்ட எப்படிப்பா இருக்கும்? அது இங்கல்ல இருக்கு" என்று தன் கன்னத்துக்குள் விரலைவிட்டு இன்னொரு பேரீச்சங்கொட்டையை எடுத்தாள்.

அவ்வளவு நேரமும் கன்னத்தில் கொட்டையை வைத்துக்கொண்டுதான் கிராம்பு எண்ணெய் பற்றிப் பேசியிருக்கிறாள்! பல வருஷப் பழக்கம்.

அப்பா இரண்டு கொட்டையையும் வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். செல்லாத நாணயம் பார்க்கும் கடைக்காரர் முகம். "ஒண்ணைப் போட்டா ரெண்டா விளையுது. இந்தக் கஞ்சியை வயல்லயே ஊத்தியிருக்கலாம்."

"அண்ணி கொட்டையைப் பாருண்ணே! நல்லாச் சப்பின கொட்டை. போன வருஷத்துக் கொட்டை!"

"உன்னுது மட்டும் என்னவாம்? பொய்ப் பல்லுவலிக்காரா!"

"நீங்க ஆட்டைப் பார்க்கப் போனீங்களா, கொட்டையைப் பார்க்கப் போனீங்களா?"

"வேற யாருக்காவது கிடைச்சுதா?" என்று அப்பா கேட்டார்.

சித்தி குனிந்தே இருந்தாள்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "வருஷம் முழுக்க ரெண்டு பொம்பளைங்களும் போன்ல மாத்தி மாத்தி என்கிட்ட புலம்புனீங்க. சரி, இந்தத் தடவை கொட்டையை நானே போடுவோம்னு போட்டேன். என் தம்பியை எனக்குத் தெரியும். என் பொண்டாட்டியையும் தெரியும். அதனால நான் போட்டது பேரீச்சங்கொட்டையே இல்ல. ஆர்கன் கொட்டை."

என் அம்மாவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை இருக்கிறதே! அம்மா இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு நிமிஷம்தான்.

சித்தியிடமிருந்து விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் பழுப்பாக ஓர் ஆர்கன் கொட்டை.

"மாமா... நான்... காலையில பூரா கொட்டை உடைச்சேனா, மடியில ஒட்டியிருந்தது கஞ்சியில விழுந்துருச்சுன்னு நினைச்சேன். நல்ல நாளும் அதுவுமா எல்லாரும் திட்டுவீங்கன்னு..."

"அதத்தான் நானும் சொல்றேன்!" என்றாள் அம்மா. "அவ மடி நிறைய எப்பவும் ஆர்கன் கொட்டைதான். இது கஞ்சிக் கொட்டையா, மடிக் கொட்டையா, யாருக்குத் தெரியும்?"

"திருப்பிப் பாரு" என்றார் அப்பா.

எல்லோரும் குனிந்தோம். நாலு தலை முட்டியது. கொட்டையின் மறுபக்கத்தில் கத்தியால் கீறியிருந்தது, மேலே இரண்டு கோடு, கீழே இரண்டு கோடு, நடுவில் ஒரு தண்டு. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மனுஷன் மாதிரி இருக்கும் எங்கள் மொழியின் எழுத்து. அப்பா கடைப் பலகையில் பெரிதாக எழுதிவைத்திருக்கும் அதே எழுத்து. அந்தக் குட்டி மனுஷன் சித்தியின் கையில் நின்று ஜெயித்துவிட்டேன் என்று கத்துவதுபோல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சத்தியமாக.

அம்மா எழுந்து நின்றாள். இடுப்புக் கயிற்றின் முடிச்சில் கை வைத்தாள். இறுகிப் போயிருந்தது. நகத்தால் கிள்ளினாள், பல்லால் கடிக்கக் குனிந்து பார்த்தாள், எட்டவில்லை.

"லல்லா, நான் அவிழ்க்கட்டுமா?" என்று சித்தி பயந்துகொண்டே கேட்டாள். அம்மாவை அவள் மரியாதையாக லல்லா என்றுதான் கூப்பிடுவாள்.

"வேணாம். நான் போட்ட முடிச்சு. நானே அவிழ்க்கிறேன்."

நேரம் ஆனது. அவிழ்த்தாள். கொடுத்தாள்.

சித்தப்பா கூஜாவை நோக்கிக் கை நீட்டினார், கொண்டாட வேண்டாமா? அப்பா தேநீர்த் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீ தொடாத. இன்னிக்கித் தேநீர் நான் ஊத்துறேன். நீ அந்தக் கொட்டையை மறுபடி வாயில போட்டுக்க. எல்லாரும் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பேசக் கூடாது."

"அண்ணிக்கு?"

"அவ சாவியைக் கொடுத்துட்டா. அதுக்கு மேல தண்டனை என்ன இருக்கு?"

அப்பா ஊற்றிய தேநீர் ஆடு கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. நுரை என்ற பேச்சே இல்லை. பாதி தட்டில், பாதி என் முழங்காலில். ஒவ்வொரு டம்ளர் நிறையும்போதும் சித்தப்பா துடித்தார். கையை உயர்த்திக் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார், "ம்ம்ம்!" என்று உறுமினார். கன்னம் மட்டும் உப்பியிருந்தது.

பாதாம் பூத்ததும் சித்தியின் அம்மா மலை தாண்டி வந்தார். நான் விடுப்புப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன், இதைப் பார்க்காமல் விடுவேனா? சித்தி வேண்டுமென்றே கூடத்துக்கும் சாமான் அறைக்கும் இடையே தேவைக்கு மேல் நடந்தாள். ணங், ணங், ணங். அந்த அம்மாவுக்கு முன்னால் தேன், வெண்ணெய், ஒரு கிண்ணம் நிறைய அம்லு. சித்தப்பா ஊற்றிய தேநீரில் நுரை தொப்பி போட்டு நின்றது.

"இப்படியாடி சத்தம் போடும் இந்தச் சாவி?" என்று என் அம்மா என் காதில் கேட்டாள். "என் இடுப்புல இருந்தப்ப எனக்குக் கேட்டதே இல்லையே."

பிறகு கொஞ்சம் தயங்கி, "இஜ்ஜா, எனக்கும் ரொட்டிக்குக் கொஞ்சம் தேன்..." என்றாள். அப்படிக் கேட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை.

சித்தி இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி அவள் கையில் வைத்தாள். "நீங்களே போய் எடுத்துக்கோங்க லல்லா. என்னைக் கேக்கணுமா?"

அம்மா சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

இதைப் பார்த்த சித்தப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. "அப்போ எனக்கு அந்த அம்லு ஜாடி?"

சித்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத்தான் கொட்டை இருக்கே. சப்புங்க."