ரீத்துக்கு முந்தி ஒரு ரோஜா

மார்ச் மாதம் வந்தால் இந்த ஊர்க் கடைவாசல்களில் ஒரு கூத்து நடக்கும். குளிர் இன்னும் விட்டிருக்காது, பேசினால் வாயிலிருந்து புகை வரும். அந்தக் குளிரில் சூப்பர் மார்க்கெட் வாசல் முழுக்கக் கறுப்பு வாளிகளில் ரோஜாக் கட்டுகளை நிறுத்தி வைத்துவிடுவார்கள். கழுத்துவரை பச்சை குத்திய, எதிரே வந்தால் நாம் ஒதுங்கிப் போகிற தடியன்கள்கூட ஒரு கையில் பாலும் ரொட்டியும், மறுகையில் ரோஜாக் கட்டுமாக வரிசையில் நிற்பார்கள். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? காதலிக்கு இல்லை, பெற்ற தாய்க்கு! வசந்தம் தொடங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையை இங்கே தாய்மார்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். மதரிங் சண்டே என்று பெயர். நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்துக்கு வந்த முதல் வருடம் இதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் ஊரான கருங்கல் சந்தையில் ஒருவன் அம்மைக்கு மீன் வாங்குவான், மரச்சீனிக் கிழங்கு வாங்குவான், மூட்டுவலித் தைலம் வாங்குவான். பூ வாங்கினான் என்றால் ஊரே நின்று பார்க்கும்.

அந்தச் சிரிப்பு பெரியம்மை அடக்கத்தன்று நின்றுபோனது. பெரியம்மை என் அம்மையின் அக்கா. அப்போது நான் லீவில் ஊரில் இருந்தேன். அவளுடைய ஒரே மகன் கனடாவில் இருக்கிறான், அவனால் வர முடியவில்லை. அவனுக்குப் பதிலாக ஒரு ரீத்து வந்தது. மலர்வளையத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது, முழுக்கச் சிவப்பு ரோஜா, நடுவில் மகனின் பெயர். அவனை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அவனைப் போல விமானத்துக்குக் காத்திருக்கிற ஆள்தான். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி நடக்கும்போது அம்மை ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்ல பூவு, கேட்டியா. பாத்திருந்தா அக்கா சந்தோசப்பட்டிருப்பா."

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. மனதில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் ஊரில் ஒரு தாய்க்கு ரோஜா கிடைக்கிற ஒரே நாளில் அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். இது என்ன நியாயம்? அந்த ரோட்டில் வைத்தே முடிவு செய்தேன். என் அம்மைக்கு நான் ரோஜா கொடுத்தால் அதை அவள் கையை நீட்டி வாங்க வேண்டும், மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ரீத்து வாங்குவதற்கு முந்தி இதை நடத்திக் காட்டாமல் விடுவதில்லை.

அடுத்த மார்ச்சில், இந்தியாவுக்குப் பூ அனுப்புவீர்களா என்று கேட்க இங்கே ஒரு பூக்கடைக்குப் போனேன். கடைக்காரி நல்ல மனுஷி. அனுப்புவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "உங்கள் அம்மாவுக்கு என்ன ரோஜா பிடிக்கும்?" என்று கேட்டாள். அம்மையின் சாயாவுக்கு எவ்வளவு சீனி என்று தெரியும், எந்தக் கால் முட்டு வலிக்கும் என்று தெரியும். ரோஜாவில் என்ன பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? "தெரியாது. இதுவரை நான் அவளுக்குப் பூவே கொடுத்ததில்லை, இப்போதாவது கொடுக்கணும்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நெஞ்சில் கைவைத்து, "ஓ லவ், ஐ ஆம் சோ சாரி" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் வெள்ளைப் பூவாக எடுத்துக்கொண்டு வந்தாள். அது சாவுக்கு வைக்கிற பூ என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "நோ, நோ! ஷி இஸ் அலைவ்!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். என் அம்மை இந்நேரம் முண்டுத் துணியை மடித்துக் கட்டிக்கொண்டு மரச்சீனி பிடுங்கிக்கொண்டிருப்பாள் என்று இவளிடம் எப்படி விளக்குவது? இந்தியாவுக்கெல்லாம் அனுப்ப முடியாது என்று கடைசியில் சொல்லிவிட்டாள்.

விடுவேனா? போனிலேயே நாகர்கோவில் கடை ஒன்றைப் பிடித்து, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கே ஒரு பெரிய ரோஜாக் கட்டைக் கருங்கல் வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அன்று மத்தியானம் அம்மை கூப்பிட்டாள்.

"ஏலே, இது நீ அனுப்புனதா? வீடு மாறி வந்துட்டுன்னு அந்தப் பயல நான் திருப்பி அனுப்பப் பாத்தேன்."

"நான்தான் எம்மா. இங்க இன்னைக்கு அம்மைமாருக்குள்ள நாளு."

"லெந்து நாள்லயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் எங்களுக்கு லெந்து, தபசு காலம். கல்யாணம் கிடையாது, புதுத்துணி கிடையாது. அம்மை மீனையே விட்டுவிடுவாள், சர்ச்சில் பீடத்துக்குக்கூடப் பூ கிடையாது. "ஆல்டர்லயே பூ இல்ல, எனக்கு என்னத்துக்குலே பூ?" என்றாள். கட்டு முழுவதையும் பக்கத்து வீட்டு லதாவிடம் கொடுத்துவிட்டாளாம். லதா சாயங்காலம் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஆக, வேதக்காரி ஒருத்திக்கு மகன் அனுப்பிய ரோஜா பத்ரகாளிக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"ஒண்ணே ஒண்ணாவது எடுத்து வச்சுக்கக் கூடாதா?"

"பூ வீணாப் போவண்டாம்னு கொடுத்தேன். அம்மன் என்ன, வேண்டாம்னா சொல்லப் போவுது?"

நானும் விடவில்லை. இங்கே சர்ச்சிலேயே, அதுவும் லெந்து நடுவில், அந்த ஞாயிறன்று சின்னப் பிள்ளைகள் எல்லாத் தாய்மாருக்கும் பூக் கொடுக்கிறார்கள் என்றேன். நமக்கு லெந்து சொல்லிக்கொடுத்ததே இவர்களுடைய பூட்டன்மார்தான், கடல் தாண்டி வந்து பள்ளிக்கூடமும் சபையும் கட்டியவர்கள், அவர்களே கொடுக்கிறார்கள் என்றால் உனக்கு என்ன என்று கேட்டேன்.

"அவங்க மறந்திருப்பாங்கலே. நாங்க மறக்கல்ல."

ஆனால் போனை வைக்கப் போகிற நேரத்தில், "பின்ன, அந்தப் பூவுக்கு மணமே இல்ல. பன்னீர் ரோஸுன்னா ஒண்ணு போதும், வாசல்ல வரும்பமே தெரியும்" என்று ஒரு வார்த்தை விட்டாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பூக்கடைக்காரியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. என் அம்மைக்குப் பன்னீர் ரோஸ் பிடிக்கும். இதைத் தெரிந்துகொள்ள நான் இத்தனை தூரம் வர வேண்டியிருந்தது.

இந்த வருடம் மதரிங் சண்டேயைக் கண்டுகொள்ளவே இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்து வேலையை எல்லாம் மற்றவர்களுக்காகத் தலையில் போட்டுக்கொண்டு, அதற்குப் பதிலாக ஈஸ்டருக்கு லீவு வாங்கி ஊருக்குப் போனேன். ஈஸ்டருக்கு முந்திய நாள் குழித்துறை ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரச் செடிக்கடையில் போய் நின்றேன்.

"வீட்டுக்காரிக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

"இல்ல, அம்மைக்கு."

"அம்மைக்கா? அப்போ ரோஸ் என்னத்துக்கு? நல்ல கறிவேப்பிலைக் கண்ணு நிக்குது, கொண்டு போங்க. கறிக்கு ஆவும்."

"ரோஸ்தான் வேணும்."

"சப்போட்டா நிக்குது. ஒட்டு. மறுவருசமே காய்க்கும்."

"பன்னீர் ரோஸ் அண்ணே!"

இவன் சாமானியத்தில் விட மாட்டான் என்று நினைத்திருப்பார், உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பூத்திருந்த செடிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்து பார்த்தேன். மணம் நிஜம் என்று உறுதியான பிறகு, அதே இனத்தில் ஒரே ஒரு மொட்டு மட்டும் விட்டிருந்த சின்னத் தொட்டிச் செடியை எடுத்தேன். அது அம்மை வீட்டில்தான் விரிய வேண்டும். ராத்திரி முழுக்க அதைக் குளிக்கிற குளிமுறியில் ஒளித்து வைத்திருந்தேன்.

ஈஸ்டர் விடியற்கால ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, அம்மை வேதப்புத்தகத்தை மேசையில் வைப்பதற்குள் செடியை நீட்டினேன். "லெந்து முடிஞ்சு. இனி ஒண்ணும் சொல்லக் கூடாது." அம்மை செடியை வாங்கினாள். மொட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்: "லதாவுக்க முற்றத்துல நல்ல மண்ணு கிடக்கு..."

"எம்மா! இது லதாவுக்கு இல்ல. ஆல்டருக்கு இல்ல. அப்பாவுக்க கல்லறைக்கும் இல்ல. ஒனக்கு!"

"செரிலே, கத்தாத. ஊரு கேக்கும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக என் அறையின் சன்னலுக்குக் கீழே போய்க் குழி தோண்டினாள். அடுக்களை வாசலில் வை, நாள் முழுக்க நீ நிற்கிற இடம் அதுதானே என்றேன். கேட்கவில்லை. நான் போன பிறகு பூட்டியே கிடக்கிற அறை அது. நான் தொட்டியைப் பிடித்து இழுக்க, அவள் மறுபக்கம் இழுக்க, கடைசியில் அவள்தான் ஜெயித்தாள். லீவு முடிகிறவரை தினமும் காலையில் முதல் வேலையாகச் சன்னலைத் திறந்து பார்த்தேன். மொட்டு அசைந்து கொடுக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு விமானம் ஏறியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்த வாரத்தில் ஒருநாள், ஆஸ்பத்திரிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். வீடியோவில் அம்மை வந்தாள்.

"ஒனக்க ரோஸ் பூத்திருக்கு மக்கா."

"எனக்க ரோஸ் இல்ல எம்மா, ஒனக்க ரோஸ். பறி."

"செடியில நிக்கட்டும். நீ வரும்பம் வந்து பறி."

எனக்கு வண்டிச் சக்கரம் போன்ற அந்த ரீத்து நினைவுக்கு வந்தது. "நான் வரும்பம் இது இருக்காது. இப்பமே பறி. நான் பாத்துட்டு இருக்கேன்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அம்மை என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனைச் சன்னல் திண்டில் சாய்த்து வைத்துவிட்டு, முள் படாமல் காம்பை ஒடித்தாள். மோந்தாள், இன்னொரு தடவையும் மோந்தாள். பிறகு பூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இனி இத நான் என்ன செய்யணும்லே?"

இத்தனை வயதில் அவளுக்கென்று வந்து, அவள் கையிலேயே நின்ற முதல் பூ அது. "ஒண்ணும் செய்யண்டாம் எம்மா. சும்மா வச்சுக்க."

அம்மையால் அது முடியுமா? "இந்தா, நீயும் மோந்து பாரு" என்று பூவைப் போனுக்கு நேராக நீட்டிவிட்டாள். திரை முழுக்க ரோஜா. மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் தடித்த ஜாக்கெட்டோடு நான் மட்டும் தெரிந்தேன்.

"பூவக் கொஞ்சம் தள்ளி மாத்து எம்மா," என்றேன். "ஒன்னக் காணல்ல."