கண்ணுக்கு விட்ட எண்ணெய்

எனக்குச் சரியா எழுத வராது. அஞ்சாங்கிளாசோட நின்னவள். ஒன்றை எழுதிக்கினு இருக்கும்போதே இன்னொன்று மறந்து போகும். படிக்கிறவங்க பொறுத்துக்கணும்.

என் மருமகள் சித்தூரில் மாம்பழத்தைக் கூழாக்குகிற பல்ப் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். சின்ன வயசிலிருந்தே தடிக் கண்ணாடி. பழம் பொறுக்குகிற இடமும் கூழ் வேகிற இடமும் ஒரே கொட்டகை. ஆவி அடித்ததும் கண்ணாடி மூடிக்கொள்ளும். கையில் உறை மாட்டியிருப்பதால் துடைக்கவும் முடியாது. போன சீசனில் குனிந்தபோது கண்ணாடி நழுவி, பெல்ட்டில் ஓடுகிற பழத்தோடு போய்விட்டது. மெஷினையே நிறுத்தித் தேடினார்களாம். சூபர்வைசர் எல்லார் எதிரிலும், "நுவ்வு பண்டு சூஸ்தாவா, அத்தாலு வெதுகுதாவா?" என்று கேட்டாராம். பழம் பார்க்கிறாயா, கண்ணாடி தேடுகிறாயா என்று.

அன்றைக்கு அவள் சோறு துன்னல. "லேசர் வெச்சி கண்ண சரி பண்ணிக்கிறேன் அத்தை" என்றாள்.

திருப்பதியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்வதில்லையாம். அவங்கவங்க கண்ணின் மேடு பள்ளத்தை ஒரு மெஷின் முதலில் படம் எடுக்குமாம். அந்தப் படத்தின்படிதான் லேசர் வேலை செய்யுமாம். அளவு எடுத்து ரவிக்கை தைக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். படம் எடுக்க வரும்போது மை, மருந்து எதுவும் கண்ணில் போடக்கூடாது என்று போனில் சொன்னார்கள். மை டப்பாவை நானே எடுத்துப் பரண்மேல் வைத்தேன்.

ஆனால் திருப்பதிக்குப் போவதென்றால் எங்கள் வீட்டில் தலை முழுகாமல் வாசல் தாண்டமாட்டோம். மலைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான். இருந்தாலும் அந்த ஊர் மண்ணை மிதிக்கிறோமே. விடியற்காலை அவளை மணையில் உட்கார வைத்து விளக்கெண்ணெய் தேய்த்தேன். தலைக்கு வைத்தால் சூடு தணியக் கண்ணுக்கும் ரெண்டு சொட்டு விடுவது வழக்கம். விட்டேன். மைதான் கண்ணில் போடுகிற பொருள், எண்ணெய் குளியலோடு சேர்ந்தது. என் புத்திக்கு அப்படித்தான் பட்டது. அவள் "அத்தை..." என்று ஏதோ சொல்ல வந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

பஸ் புத்தலப்பட்டு தாண்டியும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கினே இருந்தாள். பயம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மெஷின் இருக்கிற அறைக்குள் என்னையும் விட்டார்கள். அங்கே வேலை செய்கிற பொண்ணு, மருமகளின் தாடையை மெஷின்மேல் வைக்கச் சொல்லி, உள்ளே எரிகிற விளக்கையே பார்க்கச் சொன்னாள். ஒரு படம் எடுத்தாள். இன்னொன்று. மூணாவதும் எடுத்தாள். ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்து, கண்ணில் ஏதாவது போட்டாயா என்று தெலுங்கில் கேட்டார்.

"லேது மேடம்" என்றாள் மருமகள். இல்லை என்று.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. காலையில் என்ன சொல்ல வந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. மாமியார் செய்த தப்பை நாலு பேர் எதிரில் சொல்லக் கூடாது என்று பொய் சொல்கிறாள்.

இன்னொரு தரம் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. அது எப்படியோ ஒத்துப்போய்விட்டால்? தப்பான அளவை வெச்சிக்கினு கண்ணைச் செதுக்கிவிட்டால்? ரவிக்கை என்றால் பிரித்துத் தைக்கலாம். நான் வெளி ஆட்களிடம் பேசுகிறவள் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன். எழுந்து நின்றேன். தெலுங்கும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

"நூனெம்மா... எண்ணெ. நான்தாம்மா உட்டேன், விடிகாத்தால. ரெண்டு கண்ணுலயும்."

மெஷின்காரப் பொண்ணு களுக்கென்று சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இப்பவாவது சொன்னீங்களே பெரியம்மா. கண்ணுமேல எண்ணெ இருந்தா படம் தப்பா வரும். இன்னிக்கு வேணாம், அடுத்த வாரம் வாங்க. எண்ணெக் கிண்ணிய வீட்லயே உட்டுட்டு வாங்க" என்றார், நம்ம தமிழிலேயே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏன்டி இல்லன்னு சொன்ன?"

"உங்களுக்குத் தலகுனிவா இருக்குமேன்னுதான் அத்தை."

"உன் கண்ணு போனா, நான் தல நிமுந்து என்னா பண்றது?"

"கம்பெனில கேட்டா, எங்க அத்தை என் கண்ணத் தாளிச்சிட்டாங்கன்னு சொல்லட்டுமா?" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம்.

அடுத்த வாரம் படங்கள் ஒத்துப்போயின. லேசரும் நடந்தது. பிறகு டாக்டரம்மா கொடுத்த சொட்டு மருந்தை நான்தான் விட்டேன், ஒவ்வொரு தரமும் சீசாவை அவளிடம் காட்டிவிட்டு. இந்த சீசனில் அவள் கண்ணாடி இல்லாமல் அந்த ஆவிக்குள் நிற்கிறாள்.

கண்ணில் எத்தனை நாள் தண்ணீர் படக்கூடாது என்றார்கள், படம் எடுத்தது மூணா நாலா, இதெல்லாம் எனக்குத் திடமாக ஞாபகம் இல்லை. விவரம் தெரிந்தவர் யாராவது சரிபார்த்துத் திருத்தினால் நல்லது. மருமகளிடம் மட்டும் இதைக் கொடுக்க வேணாம். எண்ணெய் விட்ட இடத்தை அவள் பேனாவால் அடித்துவிடுவாள்.