அத்தை கொடுத்த ரத்தம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் வரை போனவன் நான் ஒருவன்தான். அதனால் விடுமுறைக்கு பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாய் கொஞ்சம் நீளும். போன தீபாவளிக்கும் நீண்டது. “ஒரு சொட்டு ரத்தம் போதும். மூளையில கட்டி இருக்கான்னு எங்க ஆய்வுகூடத்து மெஷின் சொல்லிரும்” என்றேன்.

அத்தை அதை மறக்கவில்லை.

தைப்பொங்கலுக்குப் போனபோது, கொழுந்து பறிக்கையில் அவருடைய இடது கையிலிருந்து இலை நழுவத் தொடங்கியிருந்தது. காலையில் தலைவலி, வாந்தி. டிக்கோயா ஆஸ்பத்திரி டாக்டர், கண்டிக்குப் போய்த் தலையை ஸ்கேன் எடுக்கும்படி துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அத்தை அந்தத் துண்டை சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, என்னிடம் விரலை நீட்டினார்.

“இந்தா மருமகனே, குத்தி எடுத்துக்க. ஒன் மெஷின் ஒண்ணும் இல்லன்னு சொல்லிருச்சின்னா நா எதுக்கு கண்டிக்குப் போகணும்?”

நான் அளந்த பெருமையை நம்பி அவர் ஸ்கேனை விடப் பார்க்கிறார்.

“அத்தே, நா கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு துளியை உலர வைத்து, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரை, அதாவது அகச்சிவப்புக் கதிரை, அதன்மேல் பாய்ச்சுகிறோம். புரதமும் கொழுப்பும் தத்தமக்குரிய கதிரை உறிஞ்சிக்கொள்ள, மெஷின் ஒரு கோடு வரைகிறது. கட்டி உள்ளவர்களின் கோடு சில இடங்களில் இலேசாக மாறலாம். அந்த மாற்றத்தைப் பிடிக்கத்தான் கணினியைப் பழக்குகிறோம். போனில் இருந்த ஒரு கோட்டைக் காட்டினேன்.

“என்னாடா இது, நம்ம பஸ் ரோடு மாதிரி ஏறி எறங்குது!”

“மெஷின் இன்னும் படிச்சிக்கிட்டுதான் இருக்கு அத்தே. ஸ்கேன்ல வர்றத வச்சிதான் நாங்களே அதத் திருத்துறோம். அத நம்பி ஒங்கள விட முடியாது.”

“நீயும் படிக்கிற, அதுவும் படிக்குதா? ரெண்டு பேருல யாரு மொதல்ல பாஸாவீங்க?”

பக்கத்தில் இருந்த மாமா சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் படத்துக்குப் பின்னாலிருந்து துண்டை எடுத்தார்.

கண்டியில் எடுத்த ஸ்கேனில் கட்டி தெரிந்தது. சத்திரசிகிச்சைக்கு முந்தைய நாள், எங்கள் ஆய்வுக்கு இரத்தம் தரச் சம்மதமா, விருப்பமில்லாவிட்டால் வேண்டாம் என்று தாதி கேட்டார்.

“அந்தப் படிக்கிற மெஷினுக்கா?” என்று அத்தை என்னைப் பார்த்தார். தலையசைத்தேன்.

“எனக்குத்தான் ஒதவல. அடுத்தவளுக்காவது கையில கொழுந்து நழுவுறதுக்கு முன்னாடியே சொல்லட்டும்.”

மறுநாள் அவர் தலையைத் திறக்கப் போகிறார்கள். அவர் நினைத்ததோ பக்கத்துத் தேயிலை நிரையில் பறிக்கிறவளை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் இரத்தக் குப்பிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எது அத்தையுடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. துளியில் ஈரம் மிச்சமிருந்தால், அந்த நீரே கோட்டை மூடிவிடும். முன்பு அவசரத்தில் அரைகுறையாகக் காய்ந்ததையும் மெஷினில் வைத்திருக்கிறேன். இப்போது எந்தத் துளியையும் அப்படி வைக்க மனம் வருவதில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு அத்தையின் இடது கைக்கு மெல்லப் பலம் திரும்புகிறது. நேற்று நான் ஆய்வுகூடத்தில் இருந்தபோது எனக்குப் போன் எடுத்தார்.

“என்னா, பாஸாயிருச்சா ஒன் கூட்டாளி?”

“இன்னும் இல்ல அத்தே.”

“அவசரப்படுத்தாத. நல்லா படிக்கட்டும்.”

எனக்கு முன்னால் இருந்த துளி ஓரமெல்லாம் காய்ந்து, நடுவில் மட்டும் மினுங்கியது. காத்திருந்தேன்.