படிவத்தில் இருந்த கணவர்

விவாகரத்து வழக்குப் பேசுகிறவரிடம் யாரும் நேரே வருவதில்லை; கீழே உள்ள போட்டோக் கடைக்கு வந்தவர்கள் மாதிரி நின்று, தெருவில் தெரிந்த முகம் ஒன்றும் இல்லையென்று உறுதியான பிறகுதான் படியேறுவார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், யுத்தம் நடந்த வருடங்களில் அப்படியொரு மாடியில் என் அலுவலகம் இருந்தது. அடுத்தவர் குடும்பச் சண்டைக்கு நடுவில் போய்த் தலையிடி வாங்கிய அனைவரும் என் இனம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

சண்டை வேண்டாதவர்

கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி வேண்டாம் என்றார். காரணம் கேட்டேன். நல்ல மீன் வாங்கிக் கொடுத்தாலும் புளியைக் கூட்டிக் கெடுக்கிறாராம். இதை ஒரு மணித்தியாலம் சொன்னார். சட்டத்தில் புளிக்கு இடமில்லை என்றேன். எந்தக் காரணம் சொன்னாலும் மனைவிக்கு நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை போகும் என்றதும் மனிதரின் முகம் வெளிறிவிட்டது.

"அவவுக்குத் தெரியாமச் செய்யேலாதோ, மிஸ்? தெரிஞ்சால் வீணாச் சண்டை பிடிப்பா."

ஒரே சொல்

அடுத்து என்னிடம் வந்த வசந்தமலருக்குத் தபால் கந்தோரில் வேலை. கணவர் யோகநாதன் காப்புறுதி முகவர். வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடமாகக் கல்கிசையில் ஓர் அறையில் இருந்தார். கைவிட்டுப் போய்விட்டார் என்று வழக்குப் போட்டோம். புதுக்கடை நீதிமன்றத்தில் எல்லாம் சிங்களத்தில்தான். கணவர் வீட்டில் இருக்கிறாரா என்று நீதிபதி கேட்டார். பொங்கலுக்கு முதல்நாள் பானை வாங்கப் போகிறேன் என்று சொல்லி உடுப்புப் பெட்டியோடு போனதையும், பானை இன்றுவரை வந்து சேராததையும் வசந்தமலர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். மொழிபெயர்ப்பாளர் கொழும்பு முஸ்லிம், பழுத்த அனுபவசாலி. "கியா" என்றார். போய்விட்டார் என்று அர்த்தம். மிச்சம் எங்கே என்று பிறகு கேட்டேன்.

"கோட்டுக்குத் தேவையானது அவ்வளவுதான், மிஸ். பானை யாருக்கு வேணும்?"

பேப்பரில் இடம்

அந்த நாட்களில் தமிழர் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று படிவத்தில் எழுதிப் பொலிஸில் பதிய வேண்டும். பதிவில்லாதவர் சோதனையில் அகப்பட்டால் எப்போது திரும்பி வருவார் என்று சொல்ல முடியாது. கல்கிசை அறையின் சொந்தக்காரர் யோகநாதனைப் பதிய மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே வெள்ளவத்தை வீட்டுப் படிவத்தில் அவர் பெயர் அப்படியே கிடந்தது. வழக்கின்படி அவர் வீட்டைவிட்டுப் போனவர். படிவத்தின்படி அதே வீட்டில் இருப்பவர். இரண்டு பேப்பரும் ஒன்றையொன்று கண்டால் மூன்று பேருக்கும் வில்லங்கம். மூன்றாவது ஆள் நான். பெயரை வெட்டிவிடும்படி வசந்தமலரிடம் சொன்னேன்.

"வீட்டில இடமில்லை, மிஸ். பேப்பரில இருந்திட்டுப் போகட்டும்."

மூன்று மாதம்

விவாகரத்துக் கிடைத்தது. ஆனால் எங்கள் சட்டத்தில் அது முடிவான தீர்ப்பாக மாற மூன்று மாதமாகும். அதுவரை இருவரும் கணவன் மனைவிதான். அந்த இடைவெளியில் ஒருநாள் காலை, பொலிஸார் பஸ்ஸை மறித்து யோகநாதனை இறக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். செய்தி கிடைத்ததும் வசந்தமலர் விவாகப் பதிவையும் படிவத்தையும் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் புறப்பட்டார். நானும் போனேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

இவர் உனக்கு யார் என்று ஓர் அதிகாரி சிங்களத்தில் கேட்டார். "மகே மஹத்தயா" என்றார் வசந்தமலர். என் கணவர். சட்டப்படி அது பொய்யல்ல. உன்னுடைய வீட்டிலா இருக்கிறார் என்பது அடுத்த கேள்வி. அவர் வாயைத் திறக்காமல் படிவத்தை நீட்டினார். நான் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்தப் பெண்மேல் வந்த மரியாதை எனக்கு இன்னும் குறையவில்லை.

பின்னேரம் விட்டார்கள். வாசலில் யோகநாதன் கண்கலங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வசந்தமலர் படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"மூண்டு மாசம் முடியப் பதினொரு நாள் கிடக்கு. அதுக்குப் பிறகு பிடிபட்டால் என்னால வரேலாது."

எத்தனையோ கணவர்களை வீட்டுக்கு வெளியே அனுப்ப வாதாடியிருக்கிறேன். பொலிஸிலிருந்து ஒருவரை வெளியே எடுத்தது மட்டும், என்னிடம் விவாகரத்துக் கேட்டு வந்த அவருடைய மனைவிதான்.